பழைய 1613: கம்பெனி சாமானா, வெளி சாமானா? எஃப்.சி.க்கு முன் முடிவு செய்ய வேண்டும்

நாமக்கல் ஆறுசக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 2009 மாடல் டாடா 1613 ஒன்று இருக்கிறது. 697 டர்போ இன்ஜின், பழைய மெக்கானிக்கல் பம்பு. அப்பா புதிதாக எடுத்த வண்டி, இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது என்பதால் ஓட்டமெல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். மக்காச்சோளமும் கோழித் தீவனமும் லோடு. பெரம்பலூர், ஆத்தூர், ராசிபுரம் என்று சுற்றும். அவ்வப்போது தர்மபுரி பக்கம் போய்விட்டுத் தொப்பூர் கணவாய் இறங்கி வர வேண்டியிருக்கும்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்குகிறது. செய்ய வேண்டிய வேலை இவ்வளவு: நான்கு சக்கரத்துக்கும் பிரேக் லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை), பின்பக்க டிரம் இரண்டிலும் கீறல், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆட்டம், டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு), கிளட்ச் நழுவுகிறது, வாட்டர் பம்பு ஒழுகுகிறது, பின் வலது ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) கசிவு.

டீலரிடம் விலை கேட்டேன், தலை சுற்றியது. சேலத்தில் ஒரு கடையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் சொன்னார்கள். அதே தெருவில் இன்னொரு கடையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று இடத்திலும் "ஒரிஜினல்தான் சார்" என்கிறார்கள். வண்டியை இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டுவதாக எண்ணம். எதை எங்கே வாங்குவது?

பத்துவண்டி ஓனர்:

யோசிக்கவே வேண்டாம் தம்பி, எல்லாவற்றையும் டீலரிடமே வாங்குங்கள். சாமான் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் டிரைவர் படி, லோடு தவறிய வாடகை, அந்தப் பார்ட்டி அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவது எல்லாம் சேர்ந்து வந்துவிடும். டீலரில் பில் இருக்கிறது, சாமானில் குறை என்றால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. எங்கள் வண்டிகளுக்கு போல்ட் நட்டு வரைக்கும் அங்கேதான்.

சங்ககிரி பட்டறை:

அண்ணா சொல்வது புது வண்டிக்குச் சரி. அவர் வண்டிகள் எல்லாம் ஐந்தாறு வருடத்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். 2009 வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் ஒரு விஷயம். டாடாவோ லேலண்டோ லைனர், பேரிங், டை ராடு எண்டு எல்லாம் தாங்களே வார்த்துச் செய்வதில்லை. பெரும்பாலானவை வெளியே வாங்குவதுதான். நம் ஊர்க் கம்பெனிகளே அதில் நிறைய. லைனர் என்றால் ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். ஸ்டீயரிங் பக்கம் ரானே மெட்ராஸ். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் லூகாஸ் டிவிஎஸ். ஏர் பிரேக் வால்வுகள் பழைய சுந்தரம் கிளேட்டன், அது வாப்கோ ஆகி இப்போது இசட்.எஃப். கைக்குப் போய்விட்டது. பம்பு, நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) மைக்கோ, அதாவது இன்றைய பாஷ். இவர்களெல்லாம் வண்டிக் கம்பெனிக்கும் சப்ளை செய்கிறார்கள், தங்கள் பெயர் போட்ட டப்பாவிலும் கடைக்கு விற்கிறார்கள். நீங்கள் சொன்ன "பாதிக்குக் கொஞ்சம் மேல்" கடை அநேகமாக இந்த டப்பாக்களைத்தான் விலை சொல்லியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்றவரிடம் இருப்பது ஒன்று ஊர் பேர் இல்லாத லோக்கல், இல்லையென்றால் டூப்ளிகேட். லோக்கல்காரன் தன் சொந்தப் பெயரில் மட்டமாகச் செய்கிறான். டூப்ளிகேட்காரன் அடுத்தவன் பெயரைத் திருடுகிறான். பயப்பட வேண்டியது இரண்டாவது ஆளுக்கு.

அதனால் கம்பெனியா வெளியா என்று மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இது யார் செய்தது? உடைந்தால் என்ன ஆகும்? மறுபடி கழற்ற எவ்வளவு கூலி? சைடு மிர்ரர், மட்கார்டு, டெயில் லைட், சைலன்சர், கதவுக் கைப்பிடி எல்லாம் லோக்கலே போடுங்கள், ஒன்றும் ஆகாது. டை ராடு எண்டு அப்படி இல்லை. பால் பின் முறிந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது. அதில் நூறு இருநூறு மிச்சம் பார்ப்பவன் வண்டி ஓட்டவே லாயக்கில்லை.

நாமக்கல் ஆறுசக்கரம்:

நன்றி அண்ணா, இப்போது கொஞ்சம் தெளிவாகிறது. சப்ளையர் டப்பாவில் வருவதும் டீலர் டப்பாவில் வருவதும் ஒன்றேதானா?

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

கடைக்காரன் என்ற முறையில் நான் சொல்கிறேன். பேரிங், ஆயில் சீல், யூ.ஜே. கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு), ஃபேன் பெல்ட் இதிலெல்லாம் ஒன்றேதான், டப்பாவும் விலையும்தான் வேறு. டேப்பர் ரோலர் பேரிங்கின் முகத்தில் நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால் டிம்கன், எஸ்.கே.எஃப்., என்.பி.சி. எதிலும் கிடைக்கும். கோனையும் (உள் வளையம்) கப்பையும் (வெளி வளையம்) மட்டும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோனை உட்கார வைத்துவிட்டு பேரிங் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

லைனரில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி பல கிரேடு செய்யும். வண்டிக் கம்பெனிக்குப் போகும் கிரேடும் கடைக்கு வரும் கிரேடும் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. லைனரின் ஓரத்தில் குறியீடு அச்சிட்டிருந்தால் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு உள்ள பிடிப்பு. ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. தொப்பூர் இறங்குகிறவர் இரண்டாவது எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். எஃப்-ஈ என்று இருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று அர்த்தம்.

இப்போது டூப்ளிகேட் பற்றி. ஹாலோகிராமை நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். டப்பாவில் எம்.ஆர்.பி., பேக் செய்த மாதம், தயாரித்தவர் முகவரி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். அச்சு மங்கியிருந்தால், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வேண்டாம். எம்.ஆர்.பி.யில் பாதிக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனி அயிட்டத்தில் எங்களுக்கே அவ்வளவு மார்ஜின் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்பேர்ஸ் எல்லாம் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது, முன்பு போல 28 என்ற சாக்கு கிடையாது. பில் என்றதும் முகம் மாறுகிற கடையில் சாமான் எங்கிருந்து வந்தது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். பேரிங்கில் சந்தேகம் வந்தால் எஸ்.கே.எஃப். அதற்கென்றே ஓர் ஆப் வைத்திருக்கிறது, போட்டோ எடுத்து அனுப்பினால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. மாட்டி முடித்ததும் டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் காலி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது. எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பத்துவண்டி ஓனர்:

இவ்வளவு பார்த்து வாங்குவதற்குத்தான் டீலரிடம் போகச் சொல்கிறேன். எழுத்தைப் பார், அச்சைப் பார், ஆப்பில் போட்டோ போடு... லாரி ஓட்டுவதா, துப்பறிவதா?

திருச்செங்கோடு ரிக்:

அண்ணன் சொல்வது நியாயம்தான், ஆனால் டீலரிடம் சாமான் இருக்க வேண்டுமே. எங்களுடையது போர்வெல் ரிக் வண்டி. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய் மாதக்கணக்கில் நிற்கும். பழைய மாடல் என்று சொன்னதும் டீலர் கவுண்டரில் "ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்" என்பார்கள். அதுவரை ஒரு ரிக்கும் பத்துப் பதினைந்து ஆட்களும் காட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால் எங்கள் கணக்கு வேறு. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் நம்பர் சொன்னால் கிடைக்கிற சாமானாகவே வண்டியில் போட்டு வைப்போம். எந்த ஊரிலும் கிடைக்காத ஒரு நல்ல சாமானை விட இது மேல்.

ரிக் வண்டியில் இன்னொரு தலைவலி ரப்பர். ஓட்டம் குறைவு, வெயிலில் நிற்பது அதிகம். கிலோமீட்டர் ஓடாமலேயே ஹோஸ், பிரேக் சேம்பர் டயாஃப்ரம், சீல் எல்லாம் வெடித்துவிடும். அதனால் ரப்பர் சாமான் வாங்கும்போது பிராண்டுக்கு முன் பேக் செய்த தேதியைப் பார்ப்பேன். பழைய மாடல் சாமான் கவுண்டரில் மெதுவாகத்தான் விற்கும், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த கம்பெனி டயாஃப்ரத்தை விடப் போன மாதம் வந்த வெளி டயாஃப்ரம் நல்லது.

சங்ககிரி பட்டறை:

ரப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரேக் வால்வுக்கு ரிப்பேர் கிட் போட்ட கொஞ்ச நாளில் மறுபடி காற்று கசிந்தால் எல்லோரும் கிட்டைத்தான் குறை சொல்வார்கள். ஏர் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு கருப்பாக ஆயில் வந்தால் கம்ப்ரெசர் ரிங் போய்விட்டது. அந்த ஆயில் ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். அதைச் சரி செய்யாமல் எந்தக் கம்பெனி கிட் போட்டாலும் அதே கதிதான்.

வாட்டர் பம்பும் அப்படித்தான். நாமக்கல் பக்கம் போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். உப்புப் படிந்து சீல் முகம் தேய்ந்துவிடும். கூலன்ட் ஊற்றாத வண்டிக்கு ஒரிஜினல் வாட்டர் பம்பு வாங்குவது வீண் செலவு. கூலன்ட் ஊற்றுவதாக இருந்தால் நல்லது வாங்குங்கள்.

தொப்பூர் டிரைவர்:

முதலாளிகள் எல்லோரும் விலை பேசுகிறீர்கள், ஸ்டீயரிங் பிடிக்கிறவன் பேசுகிறேன். பெங்களூரு பக்கமிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தெரியும், தொப்பூர் இறக்கத்தில் லோடு வண்டி என்ன பாடுபடும் என்று. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் கதை தனி. ஆனால் கியரில் ஒழுங்காக இறங்கினாலும் மட்டமான லைனர் பாதி வழியிலேயே கைவிடும். பெடல் கல் மாதிரி இருக்கும், காற்று முழுதாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கேபினுக்குள் கருகிய வாசனை வரும். அந்த நிலையில் கியர் குறைக்கவும் முடியாது.

லைனருக்கு டீலரில் மட்டும் வாங்கச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் எழுத்துக் குறியீடெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஓனருக்கும் பொறுமை இருக்காது.

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

டிரைவர் அண்ணா, பயம் நியாயமானது. ஆனால் டீலரில் வாங்கிய லைனரையும் தப்பாக மாட்டினால் அதே கதைதான். டிரம்மில் கீறல் இருக்கிறது என்கிறார். கடைசல் போட்டால், அதாவது லேத்தில் சுரண்டினால், உள்விட்டம் பெரிதாகும், அப்போது சாதாரண அளவு லைனர் நடுவில் மட்டும் தொடும், ஓரங்கள் தொடாது. தொடுகிற கொஞ்ச இடத்திலேயே எல்லாச் சூடும் ஏறும். கடைசல் போட்ட டிரம்முக்கு ஓவர்சைஸ் லைனர்தான் போட வேண்டும். டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் வார்த்திருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கடைசல் வேண்டாம், புது டிரம்தான்.

சங்ககிரி பட்டறை:

அதோடு ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே கிரேடு லைனர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது என்று அதை மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரிவெட் அடித்த பிறகு லைனருக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்ப்பேன். ஷூவே வளைந்திருந்தால் எந்த லைனரும் உட்காராது. பழைய வண்டியில் இது அடிக்கடி வரும். ஆயிரக்கணக்கில் லைனருக்குக் கொடுத்துவிட்டு ஷூவை ஒரு பார்வை பார்க்காமல் விடுவார்கள்.

டிரைவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். டீலர் டப்பா, இல்லையென்றால் வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் ஆளின் சொந்த டப்பா. இரண்டையும் ஏற்கலாம். மூன்றாவது வேண்டாம். விலை குறைந்த லைனர் சிலதில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் வருகிறது. நம் பட்டறைகளில் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதுகிறார்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. என் பையன்களை ஈரத் துணி வைத்துத் துடைக்கத்தான் விடுகிறேன்.

தொப்பூர் டிரைவர்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓனர் கூடப் போய் வாங்கினால்தான். பட்டறைப் பையனிடம் காசைக் கொடுத்து அனுப்பினால் எந்த டப்பா வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் கொஞ்சம்:

சப்ளையர் டப்பா பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். முன்பெல்லாம் பல வண்டிக் கம்பெனிகள் சப்ளையர்களோடு போட்ட ஒப்பந்தத்திலேயே, அந்தச் சாமானை நேராகக் கடைக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தன. இது பற்றி வந்த புகாரில் 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. டாடா மோட்டார்ஸும் அதில் ஒன்று. ஒரிஜினல் சாமான் வெளிச்சந்தையிலும், டீலர் அல்லாத பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் உத்தரவின் சாரம். அப்புறம் மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்தது. அந்த வழக்கு கார்களைப் பற்றியது, லாரியைப் பற்றியது அல்ல. ஆனாலும் வெளியே வாங்கினால் ஏதோ குற்றம் மாதிரி டீலர் ஆட்கள் பேசும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

பத்துவண்டி ஓனர்:

குற்றம் என்று யாரும் சொல்லவில்லை சார். வாரன்டி இருக்கும் வண்டியில் வெளி சாமான் போட்டுவிட்டு அப்புறம் சண்டைக்கு நிற்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சங்ககிரி பட்டறை:

2009 வண்டிக்கு என்ன வாரன்டி அண்ணா...

நாமக்கல் ஆறுசக்கரம்:

கிளட்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. பட்டறையில் "பழைய பிளேட்டிலேயே புது ஃபேசிங் (உரசும் மேல்பட்டை) அடித்துத் தருகிறேன், அதுவும் புதுசு மாதிரிதான்" என்கிறார்கள். விலை ரொம்பக் குறைவு.

திருச்செங்கோடு ரிக்:

அவசரத்துக்கு நாங்களும் அடித்திருக்கிறோம், அது ஒரு சீசன் தாட்டும். ஆனால் பிளேட்டின் நடுவில் இருக்கும் டேம்பர் ஸ்பிரிங்கும் ஸ்ப்லைனும் (ஷாஃப்டில் கோக்கும் பற்கள்) பழசுதானே. ஸ்பிரிங் லூசாக இருந்தால் ஃபேசிங் புதிதாக இருந்தும் வண்டி எடுக்கும்போது நடுங்கும்.

சங்ககிரி பட்டறை:

இங்கேதான் கூலிக் கணக்கு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எந்தப் பிளேட் போட்டாலும் ஒன்றுதான். ஃபேசிங் அடித்த பிளேட் சீக்கிரம் போனால் அந்தக் கூலியை இரண்டாவது தடவை கொடுப்பீர்கள், வண்டியும் நிற்கும். இறக்கிய கையோடு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் நல்ல பிராண்டில் செட்டாகப் போட்டுவிடுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் நீல நிறத் திட்டு இருந்தால் அதையும் கடைசல் போட வேண்டும். பைலட் பேரிங் நூறு ரூபாய்ச் சாமான், அதை விட்டுவிட்டால் அதற்காக மட்டும் மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும்.

இதற்கு நேர்மாறாக, வெளியே தெரிகிற இடத்தில் இருந்து, ரோட்டோரமே நிறுத்தி மாற்ற முடிகிற சாமான் என்றால் கொஞ்சம் மட்டமானதைப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கிங்பின் செட்டிலும் சாமானை விட வேலைதான் முக்கியம். புஷ்ஷை அடித்து இறக்கிய பிறகு மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வருகிற மாதிரி ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போட வேண்டும். சில பேர் புஷ் டைட்டாக இருந்தால் எமரி பேப்பரைச் சுற்றித் தேய்த்துப் பின்னை அடித்து ஏற்றுவார்கள். அப்படி ஏற்றினால் கம்பெனி கிட்டும் சீக்கிரமே ஆடும். ரீமர் வைத்திருக்கிற பட்டறையா என்று முதலில் கேளுங்கள், கிட் விலையை அப்புறம் கேளுங்கள்.

பம்பு ரூம்:

இங்கே யாரும் டீசல் பக்கம் வரவில்லையே. லிஸ்டில் இல்லைதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். எஃப்.சி.யில் புகை பார்ப்பார்கள் என்று கடைசி நேரத்தில் கிடைத்த நாசிலை வாங்கி மாட்டுவது வழக்கம். மெக்கானிக்கல் பம்பு வண்டியில் நாசில்தான் நான் லோக்கலுக்கு ஒருபோதும் சம்மதிக்காத சாமான். நல்ல நாசில் டெஸ்டரில் வைத்து அழுத்தினால் சரக் சரக்கென்று சத்தத்தோடு பனி மாதிரி தெளிக்கும், நிறுத்தினதும் நுனி காய்ந்து இருக்கும். மட்டமானதில் தெளிப்பு நின்ற பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு பிஸ்டன் தலையில் விழுந்து எரிந்து எரிந்து கடைசியில் ஓட்டை போடும். இருக்கிற நாசிலைக் கழற்றி டெஸ்ட் செய்து, பிரஷர் செட் செய்தாலே பாதி வண்டிகளுக்குப் புகை போய்விடும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டு புகைகிற வண்டிக்கு நாசில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நாமக்கல் ஆறுசக்கரம்:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் சார், கரும்புகை கொஞ்சம் இருக்கிறது. முதலில் ஃபில்டரைப் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். சொந்தக்காரர் ஒருவர், "டிரம்மும் ஹப்பும் புதிதாக ஏன் வாங்குகிறாய், சென்னை புதுப்பேட்டையில் ஒரிஜினல் பழைய சாமான் கிடைக்கும்" என்கிறார்.

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

என் வியாபாரத்துக்கே எதிராகச் சொல்கிறேன்: வார்ப்புச் சாமானில் சில சமயம் அவர் சொல்வது சரி. ஹப், ஆக்சில் ஹவுசிங், கியர்பாக்ஸ் கேஸ் இதெல்லாம் நல்ல கம்பெனி வார்ப்பாக இருந்தால் ஊர் பேர் இல்லாத புதுசை விடப் பழசு மேல். ஆனால் டிரம் தேய்கிற சாமான், பழைய டிரம் என்றால் ஏற்கெனவே பாதி ஆயுள் போனது. அதில் வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சுத்தியால் தட்டினால் மணி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும், மொட்டையாகக் கேட்டால் வெடிப்பு. கிரவுன் பினியன் (பின் ஆக்சிலின் பல்சக்கர ஜோடி) பழசு வாங்கினால் ஜோடியாக மட்டுமே வாங்குங்கள், அதிலும் இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பழைய டை ராடு எண்டு, பழைய பேரிங், பழைய பிரேக் வால்வு எதுவும் வேண்டாம்.

பத்துவண்டி ஓனர்:

புதுப்பேட்டைச் சாமானுக்கும் பில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையங்கள் வந்துவிட்டன, அங்கே கேட்டுப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. (பாருங்கள், நானே பழைய சாமானுக்கு யோசனை சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.)

நாமக்கல் ஆறுசக்கரம்:

இவ்வளவையும் வைத்து ஒரு லிஸ்ட் போட்டேன். லைனர், டை ராடு எண்டு டீலரில் அல்லது சப்ளையர் டப்பாவில், நானே நேரில் போய் வாங்குவது. டிரம் இரண்டும் அளந்து பார்த்து முடிவு. கிளட்ச் முழு செட், வெளியே, நல்ல பிராண்டு. கிங்பின் கிட் வெளியே, ரீமர் உள்ள பட்டறையில் வேலை. வாட்டர் பம்பு நல்லது, கூடவே கூலன்ட். டெயில் லைட் லோக்கல். மொத்தத்தில் டீலர் விலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது.

மீதி இருப்பது பின் வலது ஹப். இரண்டு தடவை ஆயில் சீல் மாற்றியாகிவிட்டது, முதலில் லோக்கல், அப்புறம் கம்பெனி. இரண்டும் கசிந்தன. அப்படியென்றால் இதற்கு எந்தச் சாமான் போடுவது?

சங்ககிரி பட்டறை:

இரண்டு சீலும் கசிந்தது என்றால் சீல் மேல் தப்பு இல்லை தம்பி. முதலில் கசிவது எது என்று பாருங்கள். விரலில் எடுத்துத் தேயுங்கள். கெட்டியாக, வாசனை அதிகம் இல்லாமல் இருந்தால் ஹப் கிரீஸ். நீர்த்துப் போய், கந்தக நாற்றம் அடித்தால் அது ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து வரும் கியர் ஆயில், கிரீஸையும் கரைத்துக்கொண்டு வருகிறது.

கிரீஸ் என்றால் சீல் உட்காருகிற வளையத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலின் உதடும் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கசியும். அந்த வளையத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஹப் பேரிங் ஆட்டமும் பாருங்கள், ஹப் ஆடினால் சீலும் சேர்ந்து ஆடும்.

கியர் ஆயில் என்றால் ஹவுசிங் மேல் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கும், அதைக் கழற்றுங்கள். பழைய வண்டியில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல் மாதிரி அடைத்திருக்கும். ஓடும்போது ஹவுசிங் சூடாகும், உள்ளே காற்று விரியும், வெளியேற வழி இல்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். டீசலில் ஊறப்போட்டுக் கம்பியால் குத்திக் காற்று அடித்தால் போதும், செலவே இல்லை. ஆயில் அளவும் பாருங்கள், லெவல் பிளக்குக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கசிவுதான்.

அந்தப் பக்க லைனரில் ஆயில் பட்டிருந்தால் துடைத்து, பெட்ரோலில் கழுவி, காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். சூடேறியதும் உள்ளே ஊறினது வெளியே வரும். எப்படியும் லைனர் மாற்றத்தானே போகிறீர்கள், கசிவை முதலில் நிறுத்திவிட்டுப் புது லைனரைக் கடைசியில் மாட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள் சாமான் வந்த வரிசையில் மாட்டிவிடுவார்கள், கூட நின்று பாருங்கள்.

நாமக்கல் ஆறுசக்கரம்:

கந்தக நாற்றம்தான் அண்ணா. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிரீதர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு மண்.

சங்ககிரி பட்டறை:

ஹவுசிங்கின் மேல்பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள், சின்னத் தொப்பி மாதிரி வரும். மூடி சுற்றவில்லை என்றால் முறுக்கி உடைக்காதீர்கள், டீசலை ஊற்றி ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் கழற்றுங்கள்.